பன்னிரண்டாம் நம்பரும் கதைக்காத அப்பாவும்

ஹவுன்ஸ்லோ
பெப்ரவரி 2

மகள் துஷ்யாவுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உனக்குத் தெரிஞ்ச கதைதானே. உன்ர சுகத்துக்கும் எழுது.

கடிதத்தைக் கண்டு பயப்பிடாதை. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. போன கார்த்திகையில இந்த ஹோலில நிண்டு, “இனி உன்னோட ஒரு சொல்லுக் கதைக்க மாட்டன்” எண்டு சொன்னனான். சொன்னா சொன்னதுதான். ஆனா கதைக்க மாட்டன் எண்டுதான் சொன்னனான், எழுத மாட்டன் எண்டு சொல்லேல்லை.

இவ்வளவு நாளும் அம்மா நடுவில நிண்டா. உன்னோட போனில கதைக்கேக்க ஸ்பீக்கரில போட்டிருப்பா, நான் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிப்பன். நான் கேக்கிறேல்லை. காதில விழும், அவ்வளவுதான். இப்ப அவ உன்ர அக்காவின்ர பிள்ளைப்பேறு பார்க்க ரொறொன்ரோ போய் மூண்டு கிழமை. வீட்டில ஃபிரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடுது.

பார்மசிக் கவுன்சிலில இருந்து உனக்கு ஒரு கடிதம் வந்து கிடந்தது. இதோட வைச்சிருக்கிறன். பதிவைப் புதுப்பிக்கிற கடிதமாக்கும். புதுப்பி. நாலு வருசம் படிச்சு எடுத்த பட்டம். அந்தக் கண்டறியாத விளையாட்டு உனக்கு எத்தினை வருசத்துக்குச் சோறு போடும்?

நீ விளையாடுறதுக்கு எனக்குக் கோவமில்லை எண்டு அம்மாவுக்குச் சொன்னனான். பொய். கோவம்தான். ஆனா அதைவிடக் கூடின கோவம், நீ அந்த வடக்குக் கிளப்போட ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சிட்டு வந்து பிறகு சொன்னதுக்கு. “றக்பியோ நானோ?” எண்டு கேட்டன். கேட்டு முடியமுன்னம் “றக்பி” எண்டாய். கொஞ்சமாவது யோசிச்சிருக்கலாம்.

இப்படிக்கு,
உன்னோட கதைக்காத
அப்பா


யோர்க்சயர்
பெப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் எப்பிடி? அதாவது என்னோட கதைக்குமோ?

உங்கட எழுத்தைக் கண்டோடன நான் பயந்தது உண்மை. அம்மாவுக்கு ஏதோ எண்டு நினைச்சிட்டன். பிறகு வாசிச்சுப்போட்டு, பார்மசியின்ர பின் அறையில தனிய இருந்து சிரிச்சன். என்னோட வேலை செய்யிற பெட்டைக்கு விளங்கப்படுத்தினன். “உன்ர அப்பா உன்னோட கதைக்க மாட்டார், ஆனா ரெண்டு பக்கம் எழுதுவாரோ?” எண்டு கேட்டாள். ஓம் எண்டன். அவளுக்கு விளங்கேல்லை.

என்ர தமிழைப் பார்த்துச் சிரிக்காதையுங்கோ. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருசத்துக்கு மேல. “ள”வும் “ழ”வும் எனக்கு இப்பவும் சண்டை.

கிழமையில மூண்டு நாள் பார்மசி, நாலு பின்னேரம் பயிற்சி, ஞாயிறு மட்ச். பதிவைப் புதுப்பிச்சிட்டன், கவலைப்படாதையுங்கோ. கிளப்பில எனக்குப் பன்னிரண்டாம் நம்பர். பந்தோட ஓடிவாற ஆளை விழுத்திறது என்ர வேலை. பந்து என்ர கையில வந்தா, என்னை விழுத்த வாற ஆக்களுக்குள்ளால ஓட வேணும். அம்மாவுக்கு “ஓட்டப்போட்டி மாதிரி” எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். காட்டிக் குடுத்திடாதையுங்கோ.

இதுவரை மூண்டு மட்ச். எனக்கு நாலு ட்ரை! எழுதேக்கயே சந்தோசத்தில புளுகமா இருக்கு.

“றக்பி” எண்டு அண்டைக்குக் கெதியாச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. யோசிச்சிருந்தா அழுதிருப்பன். அழுதிருந்தா கையெழுத்தைத் திருப்பி வாங்கியிருப்பன்.

உங்கட,
எழுதத் தெரிஞ்ச மகள்
துஷ்யா


ஹவுன்ஸ்லோ
மார்ச் 2

மகள் துஷ்யாவுக்கு,

சுகம். குளிர் விட்டபாடில்லை. நீ கழுத்துக்குச் சால்வை சுத்துறனியோ?

நாலு ட்ரை எண்டு எழுதியிருக்கிறாய். நாலு தரம் ட்ரை பண்ணியும் ஒண்டும் சரிவரேல்லையோ? அதுக்கேன் புளுகம்? உன்ர அப்பன் ஜேர்மனியில டிரைவிங் லைசென்சுக்கு அஞ்சு தரம் ட்ரை பண்ணினவன். அதை ஒருக்காலும் கடிதம் போட்டு ஊருக்குச் சொன்னதில்லை. சரி, மனம் விடாதை. இதை நான் சொல்லக்கூடாது, நான் எதிர்ப்பக்கம். எண்டாலும் மனம் விடாதை.

சமையல் இப்ப நான்தான். அம்பலவாணன் அண்ணையை உனக்குத் தெரியும்தானே, எயார்போட் கார்கோ ஷெட்டில என்னோட ஒரே ஷிப்டில நிக்கிறவர். நேற்று என்ர சோத்தை வாயில வைச்சிட்டு, “யோகேஸ், இதைக் குடிக்கிறதோ சாப்பிடுறதோ?” எண்டார். அவருக்கு நீ வேலை விசயமா வடக்கில நிக்கிறாய் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். பொய்யும் இல்லைத்தானே.

முழங்காலுக்கு ஒப்பரேசன்தான் எண்டு ஆஸ்பத்திரியில முடிவாச் சொல்லிப்போட்டினம். செப்ரெம்பர் 9 திகதி குடுத்திருக்கு. அதுக்கிடையில அம்மா வந்திடுவா.

இன்னொண்டு. முன்னுக்கு ஓடிக்கொண்டு பந்தைப் பின்னுக்கு எறியிறது என்ன விளையாட்டு? சும்மா கேள்விப்பட்டனான்.

இப்படிக்கு,
உன்னோட கதைக்காத
அப்பா


யோர்க்சயர்
மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம், கழுத்தும் சுகம், சால்வையும் சுகம்.

ஐயோ அப்பா! ட்ரை எண்டா முயற்சி இல்லை! பந்தைக் கொண்டுபோய் எதிராளியின்ர கோட்டுக்கு அங்கால நிலத்தில வைக்கிறதுக்குப் பேர்தான் ட்ரை. ஒண்டுக்கு நாலு புள்ளி. நாலு ட்ரை எண்டா நாலு தரமும் சரிவந்தது எண்டு அர்த்தம். வெண்டதுக்கு ஏன் இவை முயற்சி எண்டு பேர் வைச்சவை எண்டு என்னைக் கேக்காதையுங்கோ. உங்கட கடிதத்தை எங்கட ரீமுக்கு மொழிபெயர்த்துச் சொன்னன். இப்ப ஒவ்வொரு ட்ரைக்கும், “பரவாயில்லை, மனம் விடாதை” எண்டு கத்துறாளவை, தமிழில.

அதிருக்க, பந்தைப் பின்னுக்கு எறியிறதை உங்களுக்கு ஆர் சொன்னது? அம்பலவாணன் மாமாவுக்கு விசயமே தெரியாது. அம்மா கனடாவில. ஃபிரிட்ஜ் சொன்னதோ?

கப் போட்டி தொடங்கீட்டுது. கடைசி மட்ச் யூன் 6 சனிக்கிழமை, வெம்பிளி ஸ்டேடியத்தில. அப்பா, வெம்பிளி! எங்கட கிளப் ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இந்த முறை ஏலும் எண்டு கோச் நம்புறா. நானும் நம்புறன். நாங்கள் வெம்பிளிக்கு வந்தா நீங்களும் வரத்தான் வேணும். கதைக்க வேண்டாம். வந்து இருந்தாக் காணும்.

உங்கட,
நாலு தரமும் சரிவந்த மகள்
துஷ்யா


ஹவுன்ஸ்லோ
ஏப்ரல் 21

மகள் துஷ்யாவுக்கு,

பதில் பிந்திப்போச்சு. எனக்குச் சுகம்தான், எழுத வெக்கமா இருந்தது. சொல்லிப்போடுறன்.

உன்ர மட்ச் எல்லாம் நான் பார்க்கிறனான். ரப்லெட்டில, சத்தத்தைக் குறைச்சு வைச்சிட்டு. பெப்ரவரியில இருந்து ஒண்டும் விடேல்லை. உன்ர முதுகில பன்னிரண்டுக்கு மேல பெரிய எழுத்தில யோகேஸ்வரன் எண்டு கிடக்கு. எங்கட ஆக்களுக்கு அப்பன்ர பேர்தானே கடைசிப் பேர். அதை நான் பாஸ்போட்டில பார்த்தனான், பாங்க் காட்டில பார்த்தனான். சேத்துக்குள்ள மூண்டு பெட்டையளுக்கு அடியில கிடக்கிறதை இப்பதான் பார்க்கிறன். வெள்ளைக்காரன் ஒருத்தன் மைக்கில “யோகஸ்வாரன்! யோகஸ்வாரன்!” எண்டு கத்திறான். முப்பது வருசமா இந்த ஐரோப்பாவில ஒருத்தரும் என்ர பேரை அப்பிடி ஆசையாச் சொன்னதில்லை. நான் சோபாவில சாரம் கட்டிக்கொண்டு இருக்கிறன்.

போன ஞாயிறு அம்பலவாணன் அண்ணை மிக்சி இரவல் கேட்டு வந்தவர். ரப்லெட்டைக் கண்டிட்டார். “யோகேஸ், உன்ர பேரல்லே ஓடுது!” எண்டார். பிறகென்ன, ஷெட் முழுக்கப் பரவீட்டுது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பொடியள் என்னைக் கண்டா ஒதுங்கி வழி விடுகிறாங்கள்.

ஆனா மகள், நீ விழேக்க நான் கண்ணை மூடிடுவன். போன ஞாயிறு, எழும்பினனியோ எண்டு அம்பலவாணன் அண்ணையைக் கேட்டுப்போட்டுத்தான் திறந்தன். இப்பிடி மூடுறது ஒவ்வொரு மட்சுக்கும் இருபது முப்பது தரம். எனக்கு அது ஏலாமல் கிடக்கு. அதுதான் என்ர கோவம் முழுக்க, வேற ஒண்டுமில்லை.

இப்படிக்கு,
உன்னோட கதைக்காத
அப்பா


யோர்க்சயர்
மே 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் சுகமா இருப்பீங்கள்.

வெண்டிட்டம்! அரையிறுதியில வெண்டிட்டம்! நீங்கள் பார்த்திருப்பீங்கள், எண்டாலும் என்ர கையால எழுத வேணும் போல இருந்தது. வெம்பிளிக்கு வாறம். ரெண்டு ரிக்கற் அச்சடிச்சு இதோட வைச்சிருக்கிறன், உங்களுக்கும் அம்பலவாணன் மாமாவுக்கும். மைதானத்துக்குக் கிட்ட, நாலாவது வரிசை.

போன வியாழன் பயிற்சியில நல்ல மழை, மைதானம் ஒரே சேறு. உங்கட முழங்காலுக்குத் திகதி ஏதும் குடுத்திட்டினமோ? இந்தக் கிழமை பார்மசிக்கு லீவு போட்டிட்டன், வீட்டில சும்மா இருக்கிறன். கொஞ்சம் தலை இடி, வெயிலுக்காக்கும்.

வெம்பிளியில எங்களுக்கு உடுப்பு மாத்துற அறையே ஒரு கலியாண மண்டபம் அளவு எண்டு சொல்லுகினம். போன வியாழன் பயிற்சியில நல்ல மழை, மைதானம் ஒரே சேறு. அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை, கடைசி மட்ச் முடியச் சொல்லுவம்.

உங்கட முழங்காலுக்குத் திகதி ஏதும் குடுத்திட்டினமோ, எழுதுங்கோ.

உங்கட,
துஷ்யா


ஹவுன்ஸ்லோ
மே 28

துஷ்யா,

சுகம் விசாரிக்கிறதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை. கடிதம் இண்டைக்குத்தான் கிடைச்சது, இண்டைக்கே எழுதுறன்.

மழையை ரெண்டு தரம் எழுதியிருக்கிறாய், ஒரு எழுத்து மாறாமல். முழங்காலை ரெண்டு தரம் கேட்டிருக்கிறாய். அந்தத் திகதியை நான் மார்ச்சிலயே எழுதினனான். தலையிடிக்கு வெயில் எண்டுறாய், உன்ர கடிதம் முழுக்க மழை. இருபது வருசமா பெட்டியையும் லேபிளையும் ஒத்துப் பார்க்கிற வேலை செய்யிறவன் நான். பெட்டிக்குள்ள இருக்கிறது வேற எண்டு எனக்குத் தெரியும்.

ஞானேஸ்வரன் எண்டு ஒருத்தர் எங்கட ஷெட்டில இருந்தவர். தலையில ஒரு மரப்பலகை தட்டினது. ரத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. சிரிச்சார், எங்களோட இருந்து சாப்பிட்டார். சாப்பிடேக்க “இண்டைக்கு என்ன கிழமை?” எண்டு கேட்டார். சொன்னன். கையைக் கழுவிப்போட்டு வந்து திருப்பியும் கேட்டார். நாங்கள் பகிடி பண்ணினம். நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள், துஷ்யா. அவர் பிறகு வேலைக்கு வரேல்லை. இப்ப மனிசி சோறு தீத்தி விடுறா.

உன்ர தலைக்கு என்ன நடந்தது? போனில கேட்டா, “ஒண்டுமில்லையப்பா” எண்டு ஒரே சொல்லில முடிப்பாய், அந்தக் குரலைக் கேட்டு நானும் நம்பிப்போடுவன். எழுத்தில உனக்குப் பொய் வராது. உண்மையை எழுது.

அப்பா


யோர்க்சயர்
மே 30

அன்புள்ள அப்பாவுக்கு,

சரி, எழுதுறன்.

அந்த வியாழக்கிழமை ஒருத்தியை விழுத்தப்போக, அவளின்ர முழங்கால் என்ர காதுக்கு மேல பட்டது. மழையில ஒருத்தரும் கவனிக்கேல்லை. எழும்பி நிண்டு சிரிச்சன். ரெண்டு நிமிசத்துக்கு எந்தப் பக்கம் ஓட வேணும் எண்டு தெரியேல்லை. மற்றவள் ஓடின பக்கம் நானும் ஓடினன். அதுக்குப் பிறகு தலையிடி இருக்கு, லைற்றைப் பார்த்தா ஓங்காளிச்சுச் சத்தி வாற மாதிரி இருக்கு. பார்மசிக்கு லீவு போட்டது அதாலதான். மருந்தை மாறிக் குடுத்திடுவனோ எண்டு பயம்.

ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்த விசயத்தில கிளப் சரியான கண்டிப்பு. சொன்ன நிமிசமே என்னை வெளியில இருத்திப்போடுவினம், பிறகு படிப்படியாத்தான் விடுவினம். வெம்பிளி போயிடும்.

எனக்கு இருபத்தேழு வயசு. பதினாலு வயசில ஹவுன்ஸ்லோப் பார்க்கில தொடங்கினது. எங்கட ஆக்களில ஒருத்தரும் இல்லாத இடம் இது. கலியாண வீடுகளில “என்ன செய்யிறாய்?” எண்டு கேட்டா, நீங்கள் எனக்கு முன்னம் “பார்மசிஸ்ட்” எண்டு பதில் சொல்லுவீங்கள். சனிக்கிழமை எண்பதாயிரம் பேர் இருக்கிற இடத்தில அந்தப் பேரோட நான் ஓடுவன். எண்பது நிமிசம்தான் அப்பா. ஒரேயொரு எண்பது நிமிசம். முடிஞ்சோடன நானே டொக்டரிட்டப் போய்ச் சொல்லுவன். சத்தியமா.

ஒருத்தரோடயும் கதைக்காதையுங்கோ. கதைக்காம இருக்கிறது உங்களுக்கு நல்லா வருமே. இந்த ஒருக்கா எனக்காக அதைச் செய்யுங்கோ.

உங்கட,
துஷ்யா


ஹவுன்ஸ்லோ
யூன் 2, செவ்வாய்

துஷ்யா,

கதைச்சிட்டன்.

இதை இன்னொருத்தர் வாயால நீ கேக்கக்கூடாது, அதால உடன தபாலில அனுப்புறன். எண்டாலும் இது வந்து சேரமுன்னம் உன்னைக் கூப்பிட்டிருப்பினம்.

விடிய பத்து மணிக்கு உன்ர கடிதம் வந்தது. பத்தரைக்கு உங்கட கிளப்பின்ர நம்பரைத் தேடி எடுத்தன். ஒரு பொம்பிளைப் பிள்ளை எடுத்தா. டொக்டரோட கதைக்க வேணும், நான் யோகேஸ்வரன் எண்டன். “பன்னிரண்டின்ர அப்பாவோ!” எண்டு புளுகப்பட்டா. எனக்கு அந்த நேரம் போனை வைச்சிடலாம் போல இருந்தது.

டொக்டர் ஆறுதலாக் கேட்டார். என்ர இங்கிலிசில சொன்னன். ஒரே விசயத்தை ரெண்டு தரம் எழுதியிருக்கிறா எண்டன். “உங்களோட போனில கதைக்கேக்க எப்பிடி இருந்தவா?” எண்டு கேட்டார். நாங்கள் கதைக்கிறேல்லை எண்டன்.

ஊராற்ற பிள்ளைக்கு மருந்து மாறக்கூடாது எண்டு லீவு போட்டனி. அவ்வளவு கவனமான பிள்ளை நீ. என்ர பிள்ளையை ஆர் பார்க்கிறது?

திட்டு. நல்லாத் திட்டி எழுது.

அப்பா


யோர்க்சயர்
யூன் 4

அப்பாவுக்கு,

டொக்டர் பத்துச் சொல் சொல்லிப்போட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நாலு வந்தது. ஒற்றைக் காலில நிக்கச் சொன்னார். நிக்க ஏலேல்லை. முடிஞ்சுது. பன்னிரண்டாம் நம்பரை வேற பெட்டைக்குக் குடுத்திட்டினம். நான்தான் அவளின்ர தோளில தட்டி “நல்லா விளையாடு” எண்டு சொன்னன். அப்பிடித்தான் வழக்கம்.

கோச் என்னை ஏசேல்லை. பார்த்தா மட்டும். அது ஏச்சைவிட மோசம்.

நம்பித்தான் எழுதினனான். உங்களுக்கு மட்டும்தான் எழுதினனான்.

ரிக்கற்றைக் கிழிச்சுப் போடுங்கோ. இனி நான் உங்களோட கதைக்கவும் மாட்டன், எழுதவும் மாட்டன். பாருங்கோ, உங்களை மாதிரி ஓட்டை விட்டுச் சொல்லேல்லை.

துஷ்யா


ஹவுன்ஸ்லோ
யூன் 7

மகள் துஷ்யாவுக்கு,

நீ வாசிப்பியோ தெரியாது. லைற்றுப் பார்க்க ஏலாட்டி மெல்ல மெல்ல வாசி, அவசரமில்லை.

ரிக்கற்றைக் கிழிக்கேல்லை. போனனான். நாலாவது வரிசையில அம்பலவாணன் அண்ணையும் நானும். எங்களுக்கு முன்னால உங்கட ஊர்ச் சனம், குடும்பம் குடும்பமா. ஒரு மனிசி எங்களுக்கு மிட்டாய் நீட்டினா. “நீங்கள் ஆற்ற பக்கம்?” எண்டு கேட்டா. பன்னிரண்டு எண்டன். “அந்தப் பிள்ளைக்கு இண்டைக்கு ஏலாதாம், பாவம்” எண்டா. ஓம் எண்டன்.

உன்னைக் கண்டனான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிளப்பின்ர கோட்டோட, தண்ணிப் போத்தல் அடுக்கி வைச்ச இடத்தில நிண்டனி. நீ எங்கட பக்கம் பார்க்கேல்லை. நான் கீழ வரேல்லை. எனக்கு அந்த உரிமை இல்லை எண்டு பட்டுது.

இந்த முறை நான் கண்ணை மூடேல்லை. எண்பது நிமிசமும் பார்த்தன். ரப்லெட்டில ஒண்டுமே விளங்கியிருக்கேல்லை, மகள். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள இடிக்குது. ஒருத்தி விழ, மற்ற நாலு பேர் ஓடி வந்து கையைப் பிடிச்சுத் தூக்குகினம். நான் எழும்பி நிண்டு கத்தினன். தமிழில கத்தினன். அம்பலவாணன் அண்ணை என்ர கோட்டைப் பிடிச்சு இழுக்க இழுக்கக் கத்தினன். கடைசி நாலு நிமிசத்தில அந்தப் புதுப் பன்னிரண்டு பந்தைத் தவற விட்டா. நீ எண்டா விட்டிருக்க மாட்டாய். ரெண்டு புள்ளியால தோத்தீங்கள். நீ அப்பிடியே குந்தி இருந்திட்டாய். நான் பார்த்துக்கொண்டு நிண்டன்.

உன்னட்ட இருந்து என்னத்தைப் பறிச்சனான் எண்டு எனக்கு நேற்றுத்தான் விளங்கிச்சு. ஒரு விளையாட்டை எண்டு நினைச்சுக்கொண்டு போன் எடுத்தவன் நான். அது விளையாட்டில்லை. என்னை மன்னி எண்டு கேக்க மாட்டன். ஏனெண்டா, இவ்வளவும் விளங்கின பிறகும், நாளைக்கு அப்பிடி ஒரு கடிதம் வந்தா, பத்தரைக்குத் திருப்பியும் எடுப்பன்.

அப்பா


ஹவுன்ஸ்லோ
செப்ரெம்பர் 20

மகள் துஷ்யாவுக்கு,

முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சுது. தடியோட நடக்கிறன். அம்மா வந்திட்டா, சோறும் சோறாச்சு. அக்காவின்ர பிள்ளைக்கு உன்ர மூக்கு எண்டு சொல்லுகினம்.

அம்மா உன்னோட இப்ப ஸ்பீக்கர் போடாமல்தான் கதைக்கிறா. நீ கேட்டுக்கொண்டனியாம். நீ எடுத்தா நான் தேத்தண்ணியோட குசினிக்குப் போயிடுறன். சுகம் மட்டும் பிறகு சொல்லுறா. தலையிடி குறைஞ்சிட்டுதெண்டு அறிஞ்சன். அது காணும் எனக்கு.

பதிலுக்கு எழுதேல்லை.

அப்பா


யோர்க்சயர்
நவம்பர் 15

அப்பாவுக்கு,

நீங்கள் நடக்கிறீங்கள் எண்டு அம்மா சொன்னவா. நான் சுகம். இந்த முறை உண்மையாவே சுகம், எழுத்தை எண்ணிப் பார்க்கலாம்.

தலையிடி ஓகஸ்ட் முடியும்வரை இருந்தது. உங்கட யூன் கடிதத்தை ஒரே மூச்சில வாசிக்க எனக்கு யூலைக் கடைசி ஆச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு வரி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு படுத்திடுவன். அப்பிடிக் கிடந்து வாசிச்சபடியால் அது முழுக்க எனக்கு மனப்பாடம்.

டொக்டரை ஒருநாள் மறிச்சு வைச்சுக் கேட்டன். அண்டைக்கு விளையாடியிருந்தா எனக்கு என்ன நடந்திருக்கும்? “ஒண்டும் நடக்காமலும் விட்டிருக்கலாம். நடந்திருந்தா நீ இப்ப இந்தக் கேள்வியைக் கேக்க மாட்டாய். எனக்குத் தெரியாது” எண்டார். ஒரு பக்கமாச் சொல்லியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும். உங்களைத் திட்டியோ கும்பிட்டோ முடிச்சிருப்பன். இப்ப ரெண்டுக்கும் வழியில்லை. கோவம் முழுக்கப் போகேல்லை அப்பா. வெம்பிளி திருப்பி வராது. அதைப் பொய்யா எழுத எனக்கு விருப்பமில்லை.

கிளப் அடுத்த வருசத்துக்கும் என்னை எடுத்திருக்கு. பன்னிரண்டுதான். அவையளுக்கு நான் முதலே சொல்லிப்போட்டன், மறைச்சது என்ர பிழை எண்டு.

இந்த முறை டொக்டர் எல்லாருக்கும் ஒரு புதுப் படிவம் குடுத்தவர். அதில ஒரு கேள்வி: உன்னில ஏதும் சின்ன வித்தியாசம் வந்தாலும், முதல் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஆர்? மற்றப் பெட்டையள் காதலன்ர பேர், அறையில கூட இருக்கிறவளின்ர பேர் எண்டு எழுதினவை. நான் யோகேஸ்வரன், ஹவுன்ஸ்லோ எண்டு எழுதி உங்கட நம்பரைப் போட்டன்.

மாசத்துக்கு ஒருக்கா அவர் உங்களுக்குப் போன் எடுப்பார். “துஷ்யா கதைக்கேக்க எப்பிடி இருக்கிறா?” எண்டு கேப்பார். நாங்கள் கதைக்கிறேல்லை எண்டு நீங்கள் அவருக்கு ரெண்டாந்தரமும் சொல்ல ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு நான் எடுக்கிறன். அம்மாவின்ர போனுக்கு இல்லை, உங்கட போனுக்கு.

துஷ்யா